"கடிக்கல, சும்மா பல்லு பட்டுச்சு": நாய்ப் பயிற்சி வகுப்பில் உரிமையாளர்கள் மறைப்பது ஏன்?

சனிக்கிழமை காலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்போம். நாயின் பெயர், வயது, தடுப்பூசி, உரிமம், என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று கேள்விகள் போகும். நடுவில் ஒரு கேள்வி: "உங்கள் நாய் யாரையாவது கடித்திருக்கிறதா?" கிட்டத்தட்ட எல்லோரும் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். படிவத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கள் பயிற்றுநர் அதைப் பின்னால் சேர்த்தார்: "உங்கள் நாயின் பல் எப்போதாவது யாருடைய தோலிலாவது பட்டிருக்கிறதா?" அந்த இடத்தில் பேனா நின்றுவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஷ்னாவுசர் நாயோடு ஓர் அக்கா வந்திருந்தார். தமிழர் என்பதால் அவருக்கு உதவ என்னை அனுப்பினார்கள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி, "பட்டிருக்கு தம்பி. ஆனா கடிக்கல. சும்மா புடிச்சான், அவ்வளவுதான்" என்றார். யாரை என்று கேட்டேன். மாமியாரின் கையை. ரத்தம் வந்ததா? கொஞ்சம் வந்ததாம். மருந்தகத்துக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதே படிவத்தின் மேல்பாதியில், அதே கையெழுத்தில், "இல்லை" என்று எழுதியிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான். நான் பயிற்றுநர் அல்ல. ஒரு பயிற்றுநருக்கு வார இறுதிகளில் துணையாக நிற்கிறவன். படிவம் வாங்குவது, நாய்களைத் தூரம் பிரித்து நிற்கவைப்பது, தண்ணீர் வைப்பது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரிந்தவரை, தெரிந்தே பொய் சொன்னவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததையே வேறு சொல்லால் சொல்லிப் பழகியவர்கள்.

தமிழில் அதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. "கவ்வினான்", "புடிச்சான்", "பல்லு பட்டுச்சு", "நகம் கீறிடுச்சு", "செல்லக் கடி", "விளையாட்டுக்கு". நாய்க்குட்டி நம் விரலைப் பாலுக்கும் விளையாட்டுக்கும் கவ்வும் வயதில் இந்தச் சொற்களெல்லாம் சரியான சொற்கள்தான். ஆனால் நாய்க்கு மூன்று வயது ஆனபிறகும், அது உடம்பை இறுக்கிக்கொண்டு கையைப் பிடிக்கும்போதும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். சொல் மாறாததால் விஷயம் மாறியது கண்ணில் படுவதில்லை.

பயிற்றுநர்கள் கடியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இங்கே உதவும். கால்நடை மருத்துவரும் பயிற்றுநருமான இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. நாய் பாய்ந்து, சீறி, பல் தோலில் படாமல் விடுவது முதல் நிலை. பல் தோலில் பட்டும் ஓட்டை விழாமல் இருப்பது இரண்டாவது. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு ஓட்டைகள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை என்றால் மூன்றாவது. அதைவிட ஆழமாகப் போனால் நான்காவது. அப்படி ஆழமாகவே பலமுறை கடித்தால் ஐந்தாவது. ஆறாவது நிலை மரணம். கவனித்தீர்களா, பல் தோலில் படாத சம்பவம்கூட இந்தக் கணக்கில் முதல் நிலையாக ஏறிவிடுகிறது. "நல்ல வேளை, கடிக்கல" என்று நாம் பெருமூச்சு விடும் இடத்திலிருந்து பயிற்றுநர் எண்ண ஆரம்பிக்கிறார்.

அவர் எண்ணுவது நாயைக் குற்றவாளியாக்க அல்ல. நாய்க்குத் தன் தாடையின்மேல் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. இரண்டாம் நிலையில் நிற்கும் நாயோடு வேலை செய்ய நிறைய வழி உண்டு. நான்காம் நிலைக்குப் போன நாயிடம் வழி குறைவு, ஆபத்து அதிகம். ஆகவே "சும்மா புடிச்சான்" என்று நாம் விழுங்கிவிடும் தகவல், நாய்க்கு உதவக்கூடிய காலத்தின் தகவல்.

இனி, ஏன் விழுங்குகிறோம்?

பாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது போதாது. முதல் காரணம், உரிமையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. "வீட்டுல இவன் இப்படி இல்லவே இல்ல" என்பார்கள். சரிதான். வீட்டில் அந்த நாய் சோபாவில் மல்லாந்து தூங்குகிறது, பாட்டியின் காலடியில் கிடக்கிறது, பிள்ளை வாலை இழுத்தாலும் எழுந்து போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்த அந்த நாயையும், வகுப்பில் ஐந்து அந்நிய நாய்களுக்கு நடுவே கயிற்றில் கட்டுண்டு பல்லைக் காட்டும் நாயையும் ஒரே நாயாக ஏற்றுக்கொள்வது கடினம். மனம் பழைய நாயை வைத்துக்கொண்டு புதியதைத் தள்ளிவிடுகிறது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்ணங்களைச் சேர்த்துச் சுமக்க முடியாமல் ஒன்றை வளைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை 1957-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் விளக்கினார். நாய் வளர்ப்பவர்களுக்காக அவர் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் வகுப்பில் தினமும் அது கண்முன் நடக்கிறது.

இரண்டாவது காரணம் சிங்கப்பூருக்கே உரியது. இங்கே நாய் ஒரு வீட்டின் தனிப்பட்ட விஷயம் அல்ல. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் கயிறில்லாமல் நாயை விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கடித்ததாகப் புகார் போனால் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இருக்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு விசாரிக்கும். அண்டை வீட்டார் ஒரு பக்கம், நகர மன்றம் ஒரு பக்கம், குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழு ஒரு பக்கம். "கடிச்சிருக்கு" என்று ஒருமுறை வாயைத் திறந்தால் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் வகுப்புப் படிவத்தையும் அரசாங்கப் படிவம்போல நிரப்புகிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சிலர் விரும்பி வருவதில்லை, விதிக்காக வருகிறார்கள். 2012-இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ் உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்கலாம். நாம் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்கிறோமே, அவைதான். எடுப்பவர்கள் நாயைக் கீழ்ப்படிதல் பயிற்சிக்கு அழைத்துவர வேண்டும். நல்ல விதி, நான் ஆதரிக்கிறேன். ஆனால் சான்றிதழ் வாங்க வருகிறவருக்கு வகுப்பு ஒரு தேர்வு ஆகிவிடுகிறது. தேர்வறையில் யாராவது தன் பலவீனத்தை முதலில் சொல்வார்களா?

சட்டத்தின் பட்டியலும் அறியாமலேயே மறுப்புக்கு உதவுகிறது. பிட் புல், அகிதா, டோசா, ராட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களுக்குத் தனி விதிகள்: பொது இடத்தில் கயிறும் வாய்க்கவசமும் கட்டாயம், குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சியும் வேண்டும். பெரிய நாய் பெரிய காயம் செய்யும் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் பட்டியலில் இல்லாத நாய் பாதுகாப்பானது என்று சிறிய நாய் வளர்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். 2008-இல் டஃபி, ஷூ, செர்பெல் ஆகிய மூவர் ஆயிரக்கணக்கான உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து இனவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனிதர்களைக் கடித்த அல்லது கடிக்கப் பாய்ந்த நாய்கள் அதிக விகிதத்தில் இருந்த இனங்களில் டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸல் டெரியர் ஆகியவை வந்தன. வீவக அனுமதிப் பட்டியலில் இந்த மூன்று இனங்களுக்கும் இடம் உண்டு. அவை கெட்ட நாய்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று கிலோ நாய் உறுமினால் நாம் சிரித்துக்கொண்டே தூக்கிவிடுகிறோம். அது "வேண்டாம்" என்று சொன்னதை யாரும் கேட்காததால், அடுத்த முறை இன்னும் உரக்கச் சொல்கிறது.

அடுக்குமாடி வாழ்க்கையையும் இங்கே சொல்லவேண்டும். பயந்த நாய்க்கு முதல் தேவை தூரம். நம் ஊரில் கிடைக்காதது அதுதான். மின்தூக்கிக் கதவு திறந்ததும் ஒரு முழ தூரத்தில் இன்னொரு நாய் நிற்கிறது. தாழ்வாரத்தில் எதிரே வருகிறவர் ஒதுங்க இடமில்லை. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், திருப்பத்தில் மின்ஸ்கூட்டர் வருகிறது. கயிறு இருப்பதால் ஓடவும் முடியாது. ஓட முடியாத நாய் பாய்ந்து குரைத்துப் பார்க்கிறது. எதிரில் இருந்தவர் விலகிப் போகிறார். "ஓ, இது வேலை செய்கிறதே" என்று நாய் கற்றுக்கொள்கிறது. நாளுக்கு மூன்று முறை மின்தூக்கியில் ஏறி இறங்கும் நாய் இந்தப் பாடத்தை எவ்வளவு சீக்கிரம் படிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2020-இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டுக்கு வந்த குட்டிகளுக்கு இது இன்னும் கடினம். குட்டி பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையில்தான் அந்நியர், ஓசை, மற்ற நாய் எல்லாம் இயல்பானவை என்று அதன் மூளை பதிந்துகொள்கிறது. அந்த வாரங்களை முகக்கவசம் போட்ட மூன்று பேரை மட்டும் பார்த்துக் கழித்த நாய்கள் உண்டு. குற்றம் யாருடையதும் இல்லை. ஆனால் "இவன் இயல்பிலேயே சாது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியை நிரப்பவே முடியாது.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. மனிதர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது அது. நாயைப் பற்றி யாரும் அதை நம்பிவிட வேண்டாம். குரைக்கிற நாயும் கடிக்கும். கடிப்பதற்கு முன்னால் அது குரைப்பதற்கும் முன்னால் எத்தனையோ சொல்லிவிட்டிருக்கும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஒரு ஏணிபோல வரைந்து காட்டினார். அடிப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குவது. மேலே போகப் போக முகத்தைத் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, எழுந்து விலகுவது, காதைப் பின்னால் மடித்துப் பம்முவது, வாலை இடுக்கிக்கொள்வது. அப்புறம்தான் உடம்பு இறுகி வெறித்துப் பார்ப்பது, உறுமல், காற்றில் கடிப்பது, கடைசியில் நிஜக் கடி. "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏணியின் கடைசிப் படியை மட்டும் பார்த்தவர்கள்.

இங்கேதான் மறுப்பு நேரடியாகத் தீங்கு செய்கிறது. உறுமலை அவமானமாக நினைக்கும் உரிமையாளர், வகுப்பில் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று கயிற்றை வெடுக்கென இழுத்து "ஏய்!" என்று அதட்டுவார். நாய் உறுமுவதை நிறுத்திவிடும். அவருக்குத் திருப்தி. ஆனால் நாயின் பயம் எங்கும் போகவில்லை, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. அடுத்த முறை அது இரண்டு படியைத் தாண்டிக் கடிக்கும். உறுமுகிற நாயைக் கண்டு நான் பயப்படுவதில்லை. உறுமக் கூடாது என்று கற்றுக்கொடுக்கப்பட்ட நாயின் பக்கத்தில் போகத்தான் எனக்குத் தயக்கம்.

இன்னொரு வகை மறுப்பும் உண்டு. அது ஒப்புக்கொள்வதுபோலவே இருக்கும். "ஆமா, கடிக்கிறான். அவன் தலைவனா இருக்கப் பாக்குறான், நான்தான் லீடர்னு காட்டணும்." இந்த எண்ணத்தின் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் பாசல் விலங்கியல் தோட்டத்தில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. 'ஆல்ஃபா' ஓநாய் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக், 1999-இல் அதைத் தானே திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே பதவிச் சண்டை நடப்பதில்லை. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், சீறும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. "தலைமைப் போட்டி" என்று பெயர் வைத்துவிட்டால் நாயின் பயத்தையோ வலியையோ பார்க்காமல் தப்பித்துவிடலாம். அதனால்தான் இதையும் மறுப்பு என்கிறேன்.

வலி என்றதும் ஒன்று. 2020-இல் டேனியல் மில்ஸும் அவர் குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருந்தது என்கிறார்கள். காது அழற்சி, பல் வலி, இடுப்பு மூட்டு, முதுகு. தொட்டால் சீறும் நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் "அவன் சீறவே இல்ல" என்கிறவர் எதற்காக மருத்துவரிடம் போவார்?

இதையெல்லாம் நான் எட்ட நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-இல் நாங்கள் தத்தெடுத்த கருப்பன் ஒரு சிங்கப்பூர் ஸ்பெஷல். வீட்டில் அவ்வளவு அமைதி. அடுத்த ஆண்டு தீபாவளி. காலையிலிருந்து கதவு திறந்தபடி இருந்தது. சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம், அலுவலக நண்பர்கள், தாழ்வாரத்தில் பிள்ளைகளின் கம்பி மத்தாப்பு, தாழ்வான மேசையில் முறுக்கும் அதிரசமும். கருப்பன் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கிருந்து மூக்கை நக்கிக்கொண்டே இருந்தான். நான் பார்த்தேன், பசி என்று நினைத்தேன். அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. குனிந்து கருப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கன்னத்தில் இரண்டு ஓட்டை.

நான் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "அவன்தான் போய்க் கட்டிப்புடிச்சான்." ரத்தம் வழிகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, நாய்க்காக வாதாடினேன். அக்கா எதுவும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். எட்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தபோது, கடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு நானும் "இல்லை" என்றுதான் எழுதினேன். இரண்டாவது வகுப்பில் பயிற்றுநர் கருப்பனின் முகத்தருகே குனிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கை பிழைத்தது அவருடைய அனுபவத்தால், என் நேர்மையால் அல்ல. அவர் மெல்ல நிமிர்ந்து பின்னால் நகர்ந்து, "அண்ணே, இவன் யாரைக் கடிச்சான்?" என்று கேட்டார். கடித்தானா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டே இல்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்கிற விதத்தில் இவ்வளவு இருக்கிறது. "உங்கள் நாய் ஆக்ரோஷமானதா?" என்ற கேள்வி நாயின் குணத்தைக் கேட்கிறது, நாய் வழியாக நம் வளர்ப்பையும் கேட்கிறது. அதற்கு "ஆம்" என்று எந்தத் தாயும் தகப்பனும் சொல்லமாட்டார்கள். "சாப்பிடும்போது பக்கத்தில் போனால் என்ன செய்வான்?", "மின்தூக்கியில் யாராவது ஏறினால் எங்கே நிற்பான்?", "கடைசியாக உறுமியது எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது. வகுப்பு நடத்துகிறவர்கள் பலர் இன்னும் பழைய கேள்வியையே கேட்டுவிட்டு, உரிமையாளர்கள் உண்மை சொல்வதில்லை என்று வருத்தப்படுகிறார்கள். உண்மை சொன்னவரை "இந்த நாய்க்கு இங்கே இடமில்லை" என்று திருப்பி அனுப்பிய வகுப்புகளும் உண்டு. அப்படி ஒருமுறை அனுப்பப்பட்டவர் அடுத்த வகுப்பில் உண்மை சொல்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது? குழு வகுப்பு ஒத்துவராத நாய்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்குத் தனி வகுப்பு, தூரத்தில் நின்று பழக்குவது, கூடைபோன்ற வாய்க்கவசத்தைத் தின்பண்டம் கொடுத்து மெல்லப் பழக்குவது என்று வழிகள் உண்டு. கூடை வாய்க்கவசம் போட்ட நாய் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்பண்டம் வாங்கிக்கொள்ளலாம். அதைப் பார்த்து "ஐயோ, பொல்லாத நாய்" என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தன் நாயைப் பற்றிய உண்மையைத் தெரிந்துவைத்திருக்கும் உரிமையாளர் அந்தக் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறார்.

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கீறல் பட்டாலே ஊசிக்கு ஓடவேண்டும். இங்கே ஒரு கடியைப் பஞ்சு வைத்துத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, மறுநாளே மறந்துவிடலாம். பெரிய பாக்கியம்தான். ஆனால் நாயின் கடி வீட்டுக்குள்ளேயே புதைந்துபோவதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டியைக் கடித்ததும் பணிப்பெண்ணைக் கடித்ததும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. பணிப்பெண்கள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. பல வீடுகளில் நாயைக் குளிப்பாட்டுவதும் நடக்கவைப்பதும் அவர்கள்தான். எந்த இடத்தைத் தொட்டால் நாய் சீறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் படிவத்தை நிரப்புவது வேறொருவர். இப்போதெல்லாம் நான் கேட்டுவிடுகிறேன்: "தினமும் இவனைக் கூட்டிக்கிட்டுப் போறது யாரு? அவங்களையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

அந்த ஷ்னாவுசர் அக்காவிடம் கருப்பன் கதையைச் சொன்னேன். அவர் படிவத்தைத் திரும்ப வாங்கி "இல்லை" என்பதை அடித்தார். பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். மாமியார் கை, அதற்கு முன் குளிப்பாட்டும் கடையில் ஒரு தடவை, அதற்கும் முன் மின்தூக்கியில் எதிர்வீட்டுக்காரரின் காற்சட்டை. எழுதி முடித்தபோது அரைப் பக்கம் வந்திருந்தது. பயிற்றுநர் அதை நின்றபடியே படித்துவிட்டு, மற்ற நாய்களிடமிருந்து இருபது மீட்டர் தள்ளி, வேலியோர மரத்தடியில் அவர்களை நிற்கச் சொன்னார். வந்ததிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்த ஷ்னாவுசர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் மற்ற நாய்களைப் பார்த்தது. அப்புறம் தலையைத் தாழ்த்திப் புல்லை மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.